முதல் ஆயிரம் கிலோமீட்டர்

ஜூன் 9

அன்புள்ள சகலைக்கு,

இங்கே நானும் உங்கள் மச்சினியும் சௌக்கியம். அங்கே நீங்களும் அக்காவும் குறையில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அக்காவின் முழங்கால் எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறுகிறார்களா?

போனில் பேசலாம் என்றுதான் நினைத்தேன். போன தடவை நான் "ஆயில்" என்றதை நீங்கள் "ரயில்" என்று எடுத்துக்கொண்டு, எத்தனை மணிக்கு வந்து சேரும் என்று கேட்டீர்கள். முப்பது வருடம் சுத்தியல் சத்தத்தில் நின்ற காது அது. நான் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் பிள்ளைகளுக்குக் காது சோதிக்கிறவன். ஆனால் சொந்தச் சகலையின் காதில் மட்டும் கருவியை வைக்க வழியில்லை. ஆகவே கடிதம்தான் நமக்குச் சரி.

விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் என்ஜினைப் பிரித்து, சிலிண்டரைக் கடைந்து போர் போட்டு, புது பிஸ்டன், அதைச் சுற்றிப் புது ரிங் எல்லாம் மாட்டி லாரியில் ஏற்றி அனுப்பிய கார் நன்றாகவே ஓடுகிறது. சத்தம் தையல் மெஷின் மாதிரி இருக்கிறது. குறை சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வந்து அறுநூற்று நாற்பது கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது, அதற்குள் ஒரு லிட்டர் ஆயிலைக் காணோம். தினமும் காலையில் ஆயில் குச்சியை எடுத்துப் பார்த்து நோட்டில் குறித்து வருகிறேன். அளவு இறங்கிக்கொண்டே போகிறது. கடையில் இருந்ததிலேயே உசத்தியான ஆயிலாக வாங்கி ஊற்றியும் பார்த்துவிட்டேன்.

உங்கள் மச்சினி, "அத்தான் கை வெச்ச என்ஜின்ல என்ன கோளாறு இருக்கப் போகுது? நீங்க தினமும் குச்சிய உருவி உருவித் துடைக்கிறீங்கல்ல, அதுலயே பாதி தீந்துடும்" என்கிறாள்.

எதற்கும் ஒரு வார்த்தை எழுதுங்கள்.

உங்கள் சகலை,
காதுக்காரன்


ஜூன் 17

அன்புள்ள காதுக்காரருக்கு,

கடிதம் வந்தது. இங்கே எல்லோரும் சுகம். உங்கள் அக்கா மாடிப்படியும் ஏறுகிறாள், என் தலைமேலும் ஏறுகிறாள். முழங்காலைப் பற்றிக் கவலையே வேண்டாம். என் காதும் நன்றாக இருக்கிறது. உங்கள் போன்தான் முணுமுணுக்கிறது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என் வேலையில் பிசகு கிடையாது. இந்தப் பட்டறையை விட்டுப் போன என்ஜின்களில் திரும்பி வந்தவை இரண்டே இரண்டு. அதிலும் ஒன்று காரோடு ஆற்றில் விழுந்தது.

ஆயில் காணாமல் போக இரண்டு வழிதான் உண்டு. கீழே ஒழுக வேண்டும், இல்லையென்றால் உள்ளே எரிய வேண்டும். ராத்திரி வண்டியை நிறுத்தும்போது அடியில் ஒரு வெள்ளை அட்டையை விரித்து வையுங்கள். சொட்டினால் காட்டிக்கொடுத்துவிடும். குச்சியைச் சமதரையில் நிறுத்தித்தான் பார்க்க வேண்டும், என்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து. அளவு இறங்கிவிட்டதே என்று பயந்து குச்சியின் மேல்கோட்டுக்கு மேலே ஊற்றிவிடாதீர்கள். ஊற்றினால் அதுவும் எரிந்துதான் போகும்.

ஒழுகவில்லை என்றால் புகையைப் பாருங்கள். கறுப்பா, வெள்ளையா, நீலமா? எப்போது வருகிறது? எழுதுங்கள், கிணற்றுக்குள் ஊசி விழுந்தாலும் எடுத்துவிடலாம்.

மச்சினிக்கு எங்கள் அன்பு. அவளுக்காவது என்மேல் நம்பிக்கை இருக்கிறதே!

உங்கள் சகலை,
பட்டறைக்காரன்


ஜூன் 27

அன்புள்ள சகலைக்கு,

இருவரும் நலம். எனக்கு லேசாக ஜலதோஷம் இருந்தது, விட்டுவிட்டது. அக்கா படியேறும் சேதி கேட்டு உங்கள் மச்சினிக்குச் சந்தோஷம்.

மூன்று நாள் அட்டை விரித்தேன். பூனை நடந்த தடத்தைத் தவிர அதில் ஒன்றுமில்லை.

புகை நீலம். காலையில் கிளப்பும்போது இல்லை. வண்டி நின்ற இடத்திலேயே நாலைந்து நிமிடம் ஓடிவிட்டுக் கிளம்பும்போது மெலிதாக வருகிறது. வாசலில் நிறுத்தி, உங்கள் மச்சினியைப் பின்னால் நின்று பார்க்கச் சொன்னேன். "நீலந்தான். மெலிசா, ஊதுவத்தி மாதிரி" என்றாள். அப்புறம், "சைலென்சர் வாசல்ல நிக்கவா உங்களக் கட்டிக்கிட்டேன்?" என்றும் கேட்டாள்.

கார் வந்த நாளில் இருந்து நோட்டில் உள்ள கணக்கைப் படியெடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். எந்தப் பள்ளி, எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணிக்குக் கிளம்பினேன், எப்போது போய்ச் சேர்ந்தேன், குச்சியின் அளவு எல்லாம் இருக்கிறது. எதையும் எழுதி வைப்பது என் தொழில் புத்தி. உங்களுக்கு உதவுமானால் சரி.

உங்கள் சகலை,
காதுக்காரன்


ஜூலை 5

அன்புள்ள காதுக்காரருக்கு,

ஜலதோஷம் போனதில் சந்தோஷம். காதுக்காரருக்கே காது அடைத்துக்கொண்டால் ஊர் சிரிக்கும்.

ஒழுகவில்லை, ஆக உள்ளே எரிகிறது. இனி எங்கே என்று பார்க்க வேண்டும். காலையில் கிளப்பியதும் ஒரு கொத்துப் புகை வந்து நின்றுவிட்டால் வால்வ் சீல். அது உங்களுக்கு இல்லை. நீண்ட இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரை விட்டு இறங்கி, மறுபடி மிதிக்கும்போது புகை தள்ளினால் வால்வ் கைடு. ஏற்றத்தில் இழுக்கும்போது விடாமல் புகைந்தால் ரிங். இதைச் சமதரையில் கண்டுபிடிக்க முடியாது. உங்களுக்குத்தான் வாசலைத் தாண்டினால் மலை இருக்கிறதே! ஒரு காலை ஏறி இறங்கிப் பின்கண்ணாடியில் பாருங்கள். அரைமணி நேர வேலை.

இன்னொன்று. அங்கே யாராவது மெக்கானிக்கிடம் நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் எவ்வளவு அழுத்தம் நிற்கிறது என்று, பார்க்கச் சொல்லுங்கள். ஒருமுறை அப்படியே, இன்னொரு முறை ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு கரண்டி ஆயில் விட்டு. இரண்டாவது தடவை எண் ஏறினால் கசிவு ரிங் வழியாக. ஏறாவிட்டால் வால்வ். நோட்டுக்காரருக்கு இது அல்வா மாதிரி வேலை.

அக்கா கேட்கிறாள், மச்சினி ஏன் இப்போதெல்லாம் நீளமாகக் கடிதம் எழுதுவதில்லை என்று.

பட்டறைக்காரன்


ஜூலை 19

அன்புள்ள சகலைக்கு,

நலமே. அங்கும் அப்படியே என்று எண்ணிக்கொள்கிறேன்.

நாலு பிளக்கும் ஒரே மாதிரி கறுத்து, ஆயில் பூசியிருக்கின்றன. கம்ப்ரஷன் முதல்முறை 118, 120, 117, 119. ஆயில் விட்ட பிறகு 152, 155, 150, 153. ஆக ரிங் என்று நானே படித்துக்கொண்டேன்.

மலைப்பாதைக்குப் போகத் தோதுப்படவில்லை. கருவி எப்போதும் பின்சீட்டிலேயே இருக்கிறது, அது அதிகம் குலுங்கக் கூடாது. இனி போவதற்கும் அவசியமில்லையே, விடைதான் கிடைத்துவிட்டதே.

எழுத வேண்டாம் என்று பார்த்தேன். ஆனாலும் மறைக்க மனம் வரவில்லை. இங்குள்ள மெக்கானிக் எண்களைப் பார்த்துவிட்டு, "யாரு சார் கட்டுனது? நாலு சிலிண்டர்லயும் ரிங்கத் தலைகீழா மாட்டியிருக்காரு" என்றார். எண்களை நோட்டில் குறித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

காதுக்காரன்


ஆகஸ்ட் 22

அன்புள்ள சகலைக்கு,

எல்லோரும் சுகம். பதில் ஒரு மாதம் தள்ளிப்போனதற்குக் காரணம் கோபம். மறைப்பானேன்?

தலைகீழ் ரிங்! முதல் ஒரு வாரம் அந்த ஆளைத் திட்டிக்கொண்டிருந்தேன். இரண்டாவது வாரம் என்மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. சாப்பிட உட்கார்ந்தால் கை தானாக ரிங் மாட்டிப் பார்க்கிறது. உங்கள் அக்கா, "தட்டுக்கு முன்னால உக்காந்து யாருக்கு மோதிரம் போட்டுப் பாக்குறீங்க?" என்று கேட்டாள். மிச்சமிருந்த பழைய ரிங்கை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு மாட்டிப் பார்த்தேன். மேல்பக்கத்தைக் காட்ட ரிங்கில் வெட்டியிருக்கும் குறி மேலே பார்த்தபடிதான் போகிறது, பத்துக்குப் பத்தும்.

பிறகு நிதானமாக யோசித்தேன். மனுஷன் ஒரு சிலிண்டரில் தவறலாம், நடுவில் யாராவது கூப்பிட்டிருப்பார்கள். நாலிலும் தவறுகிறவன் பட்டறை வைக்க மாட்டான். நாலும் ஒன்றிரண்டு எண் வித்தியாசத்தில் ஒன்றுபோல் கெட்டிருக்கின்றன என்றால், நாலுக்கும் ஒரே மாதிரி ஏதோ நடந்திருக்கிறது. நான் கட்டியபோது இல்லை, அதற்கு அப்புறம்.

உங்கள் நோட்டுப் பக்கத்தை எடுத்தேன். இதுவரை ஆயில் அளவைத்தான் பார்த்திருந்தேன், மணியைப் பார்க்கவில்லை. தார்ச்சாலை, சமதரை, இருபத்திரண்டு கிலோமீட்டர். 8.05க்குக் கிளம்பி 9.00க்குச் சேர்ந்திருக்கிறீர்கள். இன்னொன்று, பதினான்கு கிலோமீட்டர், நாற்பது நிமிடம். எல்லாமே இப்படித்தான். சகலை, உங்களை சைக்கிள் முந்தியிருக்கும்.

புது ரிங்கும் புது சிலிண்டரும் ஒன்றோடொன்று உரசித்தான் பொருந்தும். சிலிண்டர் சுவரில் நான் போட்டிருப்பது மெல்லிய கீறல்கள். என்ஜின் பாரம் இழுக்கும்போது உள்ளே அழுத்தம் ஏறி ரிங்கைச் சுவரோடு தள்ளும், அப்போதுதான் கீறலில் தேய்ந்து உட்காரும். பாரமே கொடுக்காமல் உருட்டிக்கொண்டே போனால், கீறலில் ஆயில் காய்ந்து கண்ணாடி மாதிரி மினுமினுத்துவிடும். அப்புறம் ரிங் வழுக்கும், ஆயில் மேலேறி எரியும். நீங்கள் வாங்கி ஊற்றிய உசத்தி ஆயிலும் வழுக்கலுக்குத் துணை.

இன்னொன்றும் பார்த்தேன். பதினாறு பள்ளிகள் உங்கள் பொறுப்பு என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். நோட்டில் ஒன்பதுதான் இருக்கின்றன. மீதி ஏழும் மலைக்கு அந்தப் பக்கம், இல்லையா?

குற்றம் சாட்டவில்லை. என்ன நடந்தது, சகலை?

பட்டறைக்காரன்


செப்டம்பர் 5

அன்புள்ள அத்தானுக்கு,

அக்காவுக்கும் உங்களுக்கும் என் வணக்கம். அவருக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் கடிதம் வந்து பத்து நாளாகிறது. சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறார். துவைக்கப் போடும்போது எடுத்து மேஜைமேல் வைத்தேன், அடுத்த சட்டைக்கு மாறிவிட்டது.

எனக்குத் தெரிந்ததை நான் எழுத மாட்டேன். அது அவர் எழுத வேண்டியது. நீங்கள் கேட்டது சரியான கேள்வி, அதற்காகத்தான் இந்தக் கடிதம். மலைக்கு அந்தப் பக்கத்துப் பள்ளித் தலைமையாசிரியை மூன்று முறை எழுதிவிட்டார், எப்போது வருவீர்கள் என்று. அந்தக் கடிதங்கள் எந்தச் சட்டைப் பையிலும் இல்லை. மேஜை இழுப்பறையின் அடியில் இருக்கின்றன.

சைக்கிளைப் பற்றிச் சரியாகத்தான் சொன்னீர்கள். நான் கூடப் போன ஒரு நாள் ஒருவர் முந்தினார். போகும்போது திரும்பிப் பார்த்துக் கையும் ஆட்டினார்.

அன்புள்ள மச்சினி


செப்டம்பர் 12

அன்புள்ள சகலைக்கு,

நீங்களும் அக்காவும் நலமாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன்.

ஜனவரியில் கார் மலைப்பாதையில் நின்றுபோய்விட்டது, என்ஜின் பிடித்துக்கொண்டது என்று மட்டும்தான் உங்களுக்குச் சொன்னேன். அன்று உங்கள் மச்சினியும் கூட இருந்தாள். அந்தப் பக்கத்துப் பள்ளிகளுக்குப் போகிறேன், நீயும் வந்து காற்று வாங்கு என்று நான்தான் அழைத்துப் போனேன். ஏறும்போது ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஆயிலுக்கான சிவப்பு விளக்கு எரிந்தது. "அது என்னங்க, செவப்பா எரியுது?" என்றாள். "பழைய வண்டி, அப்பிடித்தான் எரியும்" என்றேன். மாதக்கணக்கில் குச்சியைத் தொட்டதே இல்லை நான். இன்னும் இரண்டு தடவை கேட்டாள். மூன்றாவது தடவை, "பேசாம வா, வண்டி ஓட்டுறது நானா நீயா?" என்றேன்.

உச்சிக்குக் கீழே கடைசி வளைவில் என்ஜின் ஒரே அடியாக நின்றது. வண்டி பின்னால் உருண்டது. என்ஜின் நின்றதால் பிரேக் இரண்டு மிதிக்கு மேல் அழுந்தாமல் கல்லாகிவிட்டது. பின்சக்கரம் ஓரத்துத் தடுப்புக் கல்லில் இடித்து நின்றது. அந்தக் கல்லுக்கு அந்தப் பக்கம் மரங்களின் உச்சிதான் தெரிந்தது. அவள் கதவைத் திறந்து இறங்கி, ஒரு பெரிய கல்லைத் தூக்கி வந்து சக்கரத்துக்கு அடியில் வைத்தாள். நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

அதைப் பற்றி இன்றுவரை அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

கார் திரும்பி வந்த அன்று நீங்கள் போனில், "முதல் ஆயிரம் கிலோமீட்டர் மெதுவா ஓட்டுங்க" என்றீர்கள். அது மட்டும் தெளிவாகக் கேட்டது. அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டேன். மெதுவாகப் போக எனக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது, நீங்களே கொடுத்துவிட்டீர்கள். ஆயிரம் தாண்டி இப்போது ஆயிரத்து எழுநூறு ஆகிவிட்டது. வலது கால் இன்னும் அழுத்த மாட்டேன் என்கிறது.

உங்கள் வேலையில் பிசகில்லை. அந்த மெக்கானிக்கிடமும் போய்ச் சொல்லிவிட்டேன்.

காதுக்காரன்


செப்டம்பர் 20

அன்புள்ள சகலைக்கு,

இங்கே நாங்கள் நலம். உங்கள் கடிதத்தை அக்காவிடம் காட்டவில்லை. அவள் தங்கை சொல்லாததை நான் சொல்வது முறையில்லை.

ஒன்று ஒப்புக்கொள்கிறேன். என்ஜினைப் பிரித்த அன்றே எனக்குத் தெரியும். பேரிங் எல்லாம் சூட்டில் நீலம் பாய்ந்து கிடந்தன. ஆயிலே இல்லாமல் ஓடியிருக்கிறது என்று அது எழுதி ஒட்டாத குறைதான். சகலையிடம் இதைக் கேட்டால் சங்கடப்படுவார் என்று விட்டுவிட்டேன். கேட்டிருந்தால் அன்றே நீங்கள் பேசியிருப்பீர்கள்.

"மெதுவா ஓட்டுங்க" என்றதும் என் தப்பு. எல்லோருக்கும் வாய் பழகிப்போய்ச் சொல்வது. மணிக்கு நூறில் பறக்காதீர்கள் என்றுதான் அர்த்தம், நத்தையாக ஊரச் சொல்லவில்லை. கேட்டவர் அதை எப்படி எடுத்துக்கொள்வார் என்று நான் யோசித்திருக்க வேண்டும்.

இப்போது வைத்தியம். சிலிண்டர் சுவர் கண்ணாடியாகிச் சில மாதம்தான் ஆகிறது, இன்னும் வாய்ப்பு இருக்கிறது. உசத்தி ஆயிலை வடித்துவிட்டு, சாதாரண ஆயில் மேல்கோடு வரை ஊற்றுங்கள், அதற்கு மேல் வேண்டாம். என்ஜின் நன்றாகச் சூடாகட்டும். காலிச் சாலையில் மூன்றாவது கியரில் நாற்பதில் இருந்து முழுக்க மிதித்து எழுபது வரை கொண்டு போங்கள். பிறகு காலை முழுதாக எடுத்துவிடுங்கள், பிரேக் வேண்டாம், தானாக நாற்பதுக்கு இறங்கட்டும். இப்படிப் பத்துத் தடவை. அதன்பிறகு மலை. ஏற்றத்தில் பாரம் இழுக்கட்டும், இறக்கத்தில் கியரிலேயே இறங்கட்டும். ரிங் உட்கார மலையைவிட நல்ல இடம் கிடையாது.

நானே வந்து ஓட்டிக் கொடுத்துவிடலாம், ஒரு நாள் வேலைதான். பெட்டியைக்கூட எடுத்தேன். அப்புறம் உள்ளே வைத்துவிட்டேன். நான் ஓட்டினால் ரிங் மட்டும்தான் உட்காரும்.

அந்த என்ஜின் நிற்காது. இதை நான் சொல்கிறேன். உங்கள் கண்ணும் இப்போது குச்சியை விட்டு நகர்வதில்லை. இரண்டும் சேர்ந்தபிறகு என்ன பயம்?

பட்டறைக்காரன்


அக்டோபர் 2

சகலைக்கு,

சுகம். ஆயில் மாற்றியாயிற்று. புறவழிச் சாலையில் பத்துத் தடவையும் முடிந்தது. முதல் மூன்று தடவை என் கால் அறுபதிலேயே பின்வாங்கியது. நாலாவதில் உங்கள் மச்சினி, "அத்தான் எழுபதுன்னு எழுதியிருக்காரு" என்றாள், அவ்வளவுதான்.

தலைமையாசிரியைக்குப் பதில் எழுதிவிட்டேன். திங்கள் காலை கிளம்புகிறோம். தனியாகப் போகிறேன் என்றேன். அவள் தன் பையையும் எடுத்து வைத்துவிட்டாள்.

காதுக்காரன்


அக்டோபர் 15

அன்புள்ள சகலைக்கு,

நாங்கள் இருவரும் நல்லபடியாகப் போய்ச் சௌக்கியமாகத் திரும்பினோம். அக்காவிடம் சொல்லுங்கள். உங்களுக்கு முதலில் என்ன வேண்டும் என்று தெரியும், அதையே முதலில் எழுதுகிறேன். போய்ச் சேர்ந்த அன்று குச்சியில் கால் பங்கு இறங்கியிருந்தது. மறுநாளில் இருந்து அந்தப் பக்கத்து மேடுபள்ளத்தில் ஐந்து நாள், நானூற்று எண்பது கிலோமீட்டர். அளவு அசையவில்லை. கம்ப்ரஷன் நேற்றுப் பார்த்தோம், 148, 150, 147, 149. மெக்கானிக் இரண்டு தடவை கேஜைத் தட்டிப் பார்த்தார். பிறகு, "அவரு நல்லாத்தான் கட்டியிருக்காரு" என்றார். இதை எழுதும்படி அவரே சொன்னார்.

ஏற்றத்தில் முதலில் நீலப் புகை நிறையவே வந்தது. கண்ணாடியில் பார்த்துக்கொண்டே மிதித்தேன். கடைசி வளைவில் கை வியர்த்து ஸ்டியரிங் வழுக்கியது. கியரைக் குறைத்து மிதித்தேன். என்ஜின் முழுக் குரலில் இழுத்தது. எத்தனையோ சத்தங்களைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டியிருக்கிறேன், இப்படி ஒன்றை நான் கேட்டதில்லை. உச்சியில் நிறுத்தி இறங்கினேன். உங்கள் மச்சினி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

ஏழு பள்ளிகள், இருநூற்றுப் பதினோரு பிள்ளைகள். தலைமையாசிரியை ஒரு பெண்ணை முதலில் கொண்டுவந்து உட்கார வைத்தார். ஒன்பது வயது இருக்கும். "கூப்பிட்டா திரும்பவே மாட்டா சார். திமிருன்னு எல்லாரும் திட்டுறாங்க. எனக்கு என்னமோ அப்படித் தோணல" என்றார். சோதித்தேன். வலது காதில் எதுவுமே விழவில்லை. வகுப்பில் அவளை இடது சுவரோரம் உட்கார வைத்திருக்கிறார்கள். ஆசிரியர் பேசுவது முழுக்க வலது பக்கம். ஜனவரியில் நான் வந்திருந்தால் ஒன்பது மாதத் திட்டு மிச்சம். அவளிடம் அதை எப்படிச் சொல்வது? இடத்தை மட்டும் மாற்றி உட்கார வைத்துவிட்டு, அவளுடைய இடது பக்கம் நின்று மெதுவாகப் பெயரைச் சொன்னேன். சட்டென்று திரும்பி, "என்ன?" என்றாள், கொஞ்சம் அதட்டலாகவே. தலைமையாசிரியை முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னலைச் சாத்தப் போனார். காற்றே இல்லை அன்று. மேல்சிகிச்சைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். மாதம் ஒருமுறை போய்ப் பார்ப்பதாகவும் சொல்லியிருக்கிறேன்.

திரும்பும்போது இறக்கத்தில் நீங்கள் சொன்னபடி கியரிலேயே விட்டு இறங்கினேன். கண்ணாடியில் பின்னால் சாலை சுத்தமாக இருந்தது, புகையே இல்லை. அதைச் சொல்லலாம் என்று வாயெடுத்துப் பக்கத்து சீட்டைப் பார்த்தேன்.

உங்கள் மச்சினி தூங்கிக்கொண்டிருந்தாள். தலை ஜன்னல் பக்கம் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, ஆழ்ந்த தூக்கம். அடிவாரம் வரை எழுப்பவில்லை.

என்றும் உங்கள் சகலை,
காதுக்காரன்